நாமக்கல் கருத்து: ஓர் அறிமுகம்

நாமக்கல்லில் நாள்தோறும் உற்பத்தியாகும் பொருள்களில் முட்டைக்கு விலை உண்டு, லாரி பாடிக்கு விலை உண்டு, கருத்துக்கு மட்டும் விலை கிடையாது. அது கேட்காதவருக்கும் கிடைக்கும். உற்பத்தி காலை ஐந்தரை மணிக்கு நடைப்பயிற்சியோடு தொடங்குகிறது. முதல் சுற்றில் சர்க்கரை அளவு, இரண்டாம் சுற்றில் பிள்ளைகள் படிப்பு, மூன்றாம் சுற்றில் ஊர் நிலவரம். நான்காம் சுற்றில் நடை நின்றுவிடும், பேச்சு மட்டும் தொடரும். பிறகு டீக்கடை, சலூன், மாலையில் பேக்கரி. கொங்குப் பக்கத்தில் பேக்கரி என்றால் நின்றபடி டீ குடித்துக்கொண்டு நாட்டைத் திருத்தும் இடம். ரொட்டியும் விற்பார்கள்.

இங்கே நாமக்கல்வாசி எனப்படுபவர் ஐம்பதைத் தாண்டிய ஆண். இரண்டு பிள்ளைகள், ஒரு தொழில், இரண்டு சைட் உள்ளவர். டீயில் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தேங்காய் பன் கேட்பவர். பெண்களின் கருத்து தனி வகை. அது பெரும்பாலும் சரியாக இருந்துவிடுவதால் பொது இடங்களில் விவாதத்துக்கு வருவதில்லை.

ஆணின் கருத்தும் தவறு என்று சொல்லிவிட முடியாது. அவருடைய புகார்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் அனேகமாக எல்லாமே நியாயமானவை. எதைப் பற்றிப் புகார் சொல்கிறாரோ அதில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கும் என்பதுதான் இந்த வகைக் கருத்தின் இலக்கணம். 1997 ஜனவரி 1 அன்று சேலத்திலிருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டம் ஆயிற்று. அதற்கு முன்பு, எல்லாவற்றுக்கும் சேலம் போக வேண்டியிருக்கிறதே என்பது புகார். இப்போது, துணி எடுக்கக்கூடச் சேலம் போக வேண்டியிருக்கிறதே என்பது புகார். கார் வாங்கியதே அதற்குத்தான்.

பள்ளிகளைப் பற்றிய கருத்துதான் இவற்றில் மூத்தது. அதற்குக் கொஞ்சம் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1984 முதல் மருத்துவம், பொறியியல் படிப்புகளுக்கு மாநில நுழைவுத் தேர்வு இருந்தது. 2007இல் அது ஒழிந்தது. அன்று முதல் பிளஸ் டூ மார்க் ஒன்றே கட்ஆஃப். கால் மார்க்கில் கல்லூரி மாறியது, அரை மார்க்கில் சம்பந்தி மாறினார். அதற்கு முன்பே நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்தில் விடுதிப் பள்ளிகள் இருந்தன. 2007க்குப் பிறகு அவற்றுக்கு அடித்தது யோகம். மார்க் என்பது முறையாகப் பராமரித்தால் விளையக்கூடிய பொருள் என்று மாநிலம் முழுவதும் நம்பத் தொடங்கியது. அந்தப் பராமரிப்புக்குப் பேர் போன ஊர் இது. குறித்த நேரத்தில் விளக்கு, குறித்த நேரத்தில் தீனி, வெளியாள் உள்ளே வரத் தடை, தினசரி எண்ணிக்கை. வெளியூர்ப் பத்திரிகைகள் இவற்றைப் பிராய்லர் பள்ளிகள் என்று கிண்டல் செய்தன. நாமக்கல்வாசிக்கு அதில் கடுமையான ஆட்சேபம் உண்டு. பிராய்லர் என்பது பல்லடம் பக்கத்துச் சரக்கு, கறிக்கோழி. நாமக்கல்லில் இருப்பது லேயர், முட்டைக்கோழி. ஒன்றும் தெரியாமல் எழுதிவிடுகிறார்கள் என்பார்.

பாடம் நடத்தும் முறை எளிமையானது. பிளஸ் ஒன் வகுப்பில் பிளஸ் ஒன் பாடம் நடத்துவது வீண் செலவு என்று பல பள்ளிகள் முடிவு கட்டின. பதினொன்றாம் வகுப்புப் புத்தகம் புது வாசனை போகாமல் பெட்டிக்குள் இருந்தது. பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே இரண்டு வருடம் படித்தது. பாடத்தின் பின்னால் இருக்கும் கேள்வி, ஒரு மார்க் கேள்வி, போன வருடம் வந்தது, வரப்போவது என்று எல்லாம் மனப்பாடம். விடியற்காலை ஸ்டடி, ராத்திரி ஸ்டடி, நடுவில் ஸ்லிப் டெஸ்ட். மே மாதம் ரிசல்ட் வரும் நாளில் நாளிதழ்களில் முழுப் பக்க விளம்பரம். சாலை ஓரங்களில் ஃபிளெக்ஸ் தட்டிகள். ஒவ்வொன்றிலும் சென்டம் வாங்கிய பிள்ளைகளின் பாஸ்போர்ட் சைஸ் முகங்கள். ஒன்றில்கூடச் சிரிப்பு இருக்காது.

மாதத்தில் ஒரு ஞாயிறு பெற்றோர் சந்திப்பு. ராமநாதபுரத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும் ராத்திரியே புறப்பட்ட வேன்கள் விடிவதற்குள் பள்ளி வாசலுக்கு வந்துவிடும். புளிய மரத்தடியில் பாய் விரித்து எவர்சில்வர் தூக்குகளைத் திறப்பார்கள். அம்மா நாட்டுக்கோழிக் குழம்பைச் சோற்றில் பிசைந்து ஊட்டுவார். பிள்ளை வாயைத் திறக்கும், கண் மட்டும் மடியில் இருக்கும் நோட்டை விட்டு நகராது. அக்கா கொண்டுவந்த புதுச் சட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்க நேரமிருக்காது. அப்பா ஒரு மாதமாக நெஞ்சுக்குள் வைத்திருந்த பாசத்தையெல்லாம் திரட்டி ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

“ஃபிசிக்ஸ்ல நாலு மார்க் எங்கப்பா போச்சு?”

இந்தக் காட்சியைச் சாலையின் எதிர்ப்புறம் டீக்கடையிலிருந்து பார்க்கும் நாமக்கல்வாசிக்கு மனம் பொறுக்காது. “பிள்ளைகளை இப்பிடிப் போட்டு நசுக்கறது பாவமுங்க” என்பார். சொல்லும்போது குரல் உண்மையிலேயே கம்மும். அவர் வீட்டு மாடி போர்ஷனில் குடியிருப்பது பள்ளி வார்டன். மச்சான் விடுதிக்கு அரிசி போடுகிறார். தம்பி வைத்திருக்கும் லாட்ஜ் அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நம்பித்தான் ஓடுகிறது. மகள் அதே பள்ளியில் ‘ஏ’ செக்‌ஷன். பி செக்‌ஷனுக்குத் தள்ளிவிட்டார்கள் என்று தெரிந்தால் அன்று டீக்கடைக்கே வரமாட்டார்.

கட்டணத்தைப் பற்றியும் கருத்து உண்டு. தனியார் பள்ளிகளின் கட்டணத்தை நிர்ணயிக்க 2009இல் மாநில அரசு சட்டம் கொண்டுவந்தது, அதற்கெனக் குழு அமைந்தது. குழு சொல்லும் தொகை ஒன்று, கட்டும் தொகை ஒன்று என்று எல்லாருக்கும் தெரியும். ரசீதில் எந்தத் தொகை இருக்கும் என்பதும் தெரியும். இதை எதிர்த்து யாராவது ஒருவர் எழுதிப் போட வேண்டும் என்று நாமக்கல்வாசி அழுத்தமாகக் கருதுகிறார். அந்த ஒருவரின் பிள்ளை வேறு பள்ளியில் படிக்க வேண்டும் என்றும் கருதுகிறார்.

2017இல் எல்லாம் ஒரே சமயத்தில் கவிழ்ந்தது. பொதுத் தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை அரசு நிறுத்தியது. மருத்துவச் சேர்க்கைக்கு நீட் வந்தது. அந்தக் கல்வியாண்டே பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு என்றார்கள். அடுத்து 1200 மார்க் 600 ஆகச் சுருங்கியது. பெட்டிக்குள் இருந்த பதினொன்றாம் வகுப்புப் புத்தகம் வெளியே வந்தது. அதில் பாடம் இருப்பதே பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. ஃபிளெக்ஸ் தட்டிகளில் முகம் பாதியாகக் குறைந்தது. பள்ளிகள் தாமதிக்கவில்லை. சிபிஎஸ்இ பெயர்ப்பலகை ஏறியது, நீட் பயிற்சி வந்தது, ஏற்கெனவே எழுதித் தோற்றவர்களுக்கு ரிப்பீட்டர் பேட்ச் தொடங்கியது. முன்பு ஒரே புத்தகத்தை இரண்டு வருடம் படித்த பிள்ளை இப்போது ஒரே தேர்வை மூன்று வருடம் எழுதுகிறது.

மனப்பாடக் கல்வி என்று இருபது வருடம் திட்டிய வாயால் நாமக்கல்வாசி அதற்கு இரங்கற்பா பாடத் தொடங்கியதும் அப்போதுதான். “அன்னைக்குப் படிப்புன்னா படிப்புங்க. குடியானவன் பையன் டாக்டர் ஆனான்.” இது வெறும் ஏக்கம் என்று தள்ளிவிட முடியாது. நெசவாளி வீட்டுப் பெண்ணும் ரிக் வண்டி ஓட்டுநர் மகனும் அந்தப் பத்து வருடத்தில் வெள்ளைக் கோட்டு மாட்டியது நடந்த கதைதான். அதற்கு அவர்கள் வீட்டில் ஒரு காடு விற்றுப்போனதும் நடந்த கதைதான். பத்து வருடம் மாநிலத்துக்கெல்லாம் மருத்துவ மாணவர்களை அனுப்பிக்கொண்டிருந்த ஊருக்கு அரசு மருத்துவக் கல்லூரி 2022இல்தான் வந்தது.

2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தபோது ஊரில் ஒரு சின்ன நிலநடுக்கம் ஏற்பட்டது. பன்னிரண்டாம் வகுப்புக்கு மட்டும் பிள்ளையை அரசுப் பள்ளிக்கு மாற்றினால் போதுமா என்று பலரும் விசாரித்தார்கள். ஆறாம் வகுப்பிலிருந்தே அங்கே படித்திருக்க வேண்டும் என்று பதில் வந்தது. தான் ஆறாம் வகுப்பிலிருந்து கட்டிய தொகையை அன்று ராத்திரி ஒருவர் மனைவிக்குத் தெரியாமல் கூட்டிப் பார்த்தார். கூட்டியது மனைவிக்குத் தெரியும். அவரும் கூட்டிக்கொண்டுதான் இருந்தார்.

அரசுப் பள்ளியைப் பற்றிய கருத்து பெருமையோடு தொடங்கும். நாங்களெல்லாம் அரசுப் பள்ளி, மரத்தடி, மண்தரை என்பார். அப்படியானால் பிள்ளையை ஏன் சேர்க்கவில்லை என்றால், அன்றைக்கு வாத்தியார் வாத்தியாராக இருந்தார் என்பார். அரசுப் பள்ளி ஆசிரியர்களே தங்கள் பிள்ளைகளைத் தனியாரில்தானே சேர்க்கிறார்கள் என்று மடக்கவும் செய்வார். மறுக்க முடியாத வாதம். சொல்பவரின் மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை.

கல்வி பற்றிய பேச்சு எப்போதும் கணித மேதை ராமானுஜனில் வந்து முடியும். நாமக்கல் மலைக்கோட்டை அடிவாரத்துக் குடைவரைக் கோயிலில் உள்ள நாமகிரித் தாயார்தான் அவருக்குக் குலதெய்வம். சூத்திரங்களைத் தாயார் கனவில் வந்து தந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பொதுத் தேர்வுக்கு முன்னால் ஹால் டிக்கெட்டுகளைத் தாயார் சன்னதியில் வைத்துக் கும்பிடுவதும் இதனால்தான். ஆனால் ராமானுஜன் கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் கோட்டைவிட்டு எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர். கும்பகோணத்தில் உதவித்தொகை போயிற்று, சென்னைக்குப் போயும் தேறவில்லை. இன்றைக்கு அவர் தாயாரின் ஊருக்கே வந்து பிளஸ் ஒன் சேர விண்ணப்பித்தால் நுழைவாயிலில் இருக்கும் வாட்ச்மேனைத் தாண்ட மாட்டார். நாமக்கல்வாசி இதை ஒப்புக்கொள்கிறார். அவரைச் சேர்த்தால் ரிசல்ட் பர்சன்டேஜ் என்ன ஆகும் என்றும் கேட்கிறார்.

2025இல் மாநிலக் கல்விக் கொள்கை வந்து பிளஸ் ஒன் பொதுத் தேர்வை நீக்கியது. இதைப் பற்றிக் கருத்து இன்னும் முழுதாக உருவாகவில்லை. பழைய பெட்டியைத் தேடுகிறார்கள் என்று மட்டும் கேள்வி.

அடுத்தது பொருளாதாரம். நாமக்கல்லில் இதற்கு ஒரே அலகு, காசு. ரூபாய் என்பது வெளியூர்க் கணக்கு. முட்டை விலை ஐந்து காசு ஏறியது, பத்து காசு இறங்கியது என்பதை வைத்துத்தான் ஊரின் முகம் மாறும். 1982இல் உருவான தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு பண்ணைக் கொள்முதல் விலையை அறிவிக்கிறது. அதற்கு முன்னால் வியாபாரி சொன்னதுதான் விலை. இன்றும் வியாபாரி சொல்வதுதான் விலை என்பது பண்ணைக்காரர் கட்சி, ஏனென்றால் அறிவித்த விலையிலிருந்து ‘மைனஸ்’ என்று ஒன்றைக் கழித்துத்தான் வியாபாரி எடுப்பார். செய்தித்தாளில் வரும் விலை ஒன்று, பண்ணை வாசலில் வரும் விலை வேறொன்று. மைனஸ் எவ்வளவு என்று வெளியாள் கேட்டால் அந்த இடமே அமைதியாகிவிடும்.

பேக்கரி வாசலில் மாலையில் நடக்கும் உரையாடல் அனேகமாக இப்படித்தான் இருக்கும். ஒருவர் பண்ணையில் பங்கு வைத்திருப்பவர், மற்றவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மெஸ் நடத்துபவர். உறவில் மாமன் மச்சான்.

“ஏனுங் மச்சா, மறுபடி அஞ்சு காசு எறக்கிப்போட்டாங்களாமா?”

“எறக்குனா உங்களுக்கென்னங் மாமா, ஆம்லெட்டு விலைய எறக்கவா போறீங்க?”

“கேஸ் என்ன விலை விக்குது தெரியுமுங்களா?”

“மக்காச்சோளம் என்ன விலை விக்குது தெரியுமுங்களா?”

இரண்டு பேரும் தங்கள் நஷ்டத்தை ஒருவருக்கொருவர் விளக்கிவிட்டு ஆளுக்கொரு புது காரில் ஏறிப் போவார்கள். நஷ்டம் பொய் என்று சொல்லிவிட வேண்டாம். ஒரு முட்டைக்கோழி ஒரு நாளைக்கு நூறு கிராமுக்கு மேல் தீனி தின்னும். முட்டை இட்டாலும் தின்னும், இடாவிட்டாலும் தின்னும். லட்சம் கோழி வைத்திருப்பவருக்கு மக்காச்சோளமும் சோயாவும் கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினால் தூக்கம் போய்விடும். முட்டையைச் சேர்த்து வைத்து நல்ல விலைக்கு விற்கலாம் என்றால் அதுவும் நடக்காது. அது உருப்படியாக இருப்பது சில நாள்தான், மறுநாள் காலையில் அடுத்த லட்சம் வந்து நிற்கும்.

விலை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்பதற்கு நாமக்கல்வாசியிடம் முழுப் பஞ்சாங்கமே உண்டு. புரட்டாசியில் பெருமாள் இறக்குவார். கார்த்திகையில் ஐயப்பன் இறக்குவார், அதே சமயம் வடக்கே குளிர் ஏற்றும். மே மாதம் பள்ளி விடுமுறை, சத்துணவு முட்டை நிற்கும். 2010இலிருந்து சத்துணவில் வாரம் ஐந்து முட்டை என்பதால் பள்ளிக்கூடம் திறப்பதும் மூடுவதும் இங்கே பொருளாதாரச் செய்தி. வெயிலுக்குக் கோழி சாகும், முட்டை சிறுக்கும். எங்கோ மகாராஷ்டிராவில் 2006இல் பறவைக் காய்ச்சல் வந்தபோது இங்கே விலை படுத்தது. 2020இல் கோழியால் கொரோனா என்று எவரோ வாட்ஸ்அப்பில் கிளப்பிவிட்ட புரளிக்கு நாமக்கல் விலை கொடுத்தது. 2022இல் கத்தாரில் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்தபோது அங்கே முட்டைக்குக் கிராக்கி. மெஸ்ஸி கோப்பையைத் தூக்கியதில் தங்களுக்கும் ஒரு கை உண்டு என்று பரமத்தி ரோட்டில் நம்புகிறார்கள். 2025இல் அமெரிக்காவில் முட்டைப் பஞ்சம் வந்து நாமக்கல்லிலிருந்து ஒரு கோடி முட்டை கப்பலேறியது. இனி டாலர்தான் என்று பேச்சு கிளம்பிய சூட்டோடு டிரம்ப் இந்தியப் பொருள்கள் மீது வரியைப் போட்டார். உலக அரசியலை இவ்வளவு கவனமாகப் பின்தொடரும் ஊர் வேறு இருந்தால் அங்கேயும் கோழிப்பண்ணை இருக்கும்.

அதே ஆண்டு நவம்பரில் பண்ணை விலை ஆறு ரூபாயைத் தாண்டியது. ஏழை எப்படி முட்டை தின்பான் என்று பங்குதாரர்கள் மிகவும் வருந்தினார்கள். இவர்களில் சிலர் வீட்டில் பேரப்பிள்ளைகளுக்குத் தேடிப் பிடித்து நாட்டுக்கோழி முட்டை வாங்குவது பண்ணைத் தொழிலின் மீது நம்பிக்கை இல்லாததால் அல்ல, ருசிக்காக என்று விளக்கம் தரப்படுகிறது.

லாரித் தொழிலின் கருத்துகள் சுருக்கமானவை, ஏனென்றால் எல்லாமே கெட்ட வார்த்தையில் தொடங்கும். டீசல், டோல்கேட், இன்சூரன்ஸ், ஆன்லைன் அபராதம். நாமக்கல் பட்டறைகளில் கட்டிய பாடிகள் காஷ்மீர் வரை ஓடுகின்றன. தென்மண்டல எரிவாயு டேங்கர் லாரி உரிமையாளர்கள் சங்கமே இங்கிருந்துதான் இயங்குகிறது. அவர்கள் வேலைநிறுத்தம் என்று அறிவித்தால் திருநெல்வேலியில் இருக்கும் குடும்பத் தலைவிக்குச் சிலிண்டர் கவலை வந்துவிடும். இன்றைய தலையாய புகார், வண்டி இருக்கிறது, ஓட்ட ஆள் இல்லை என்பது. டிரைவர் மகன் டிரைவராகக் கூடாது என்று ஊரே சேர்ந்து பொறியியல் கல்லூரிகளைக் கட்டி அவனைப் படிக்க வைத்தது. அவனும் படித்துவிட்டான். இப்போது சொந்த லாரியை ஓட்ட ஆள் இல்லாமல் உரிமையாளரே ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார். பொறியாளர் மகன் பெங்களூரிலிருந்து ஜிபிஎஸ்ஸில் அப்பா எந்த டோல்கேட்டில் நிற்கிறார் என்று பார்த்துச் சொல்கிறான்.

கோழிப்பண்ணையிலும் பட்டறையிலும் விசைத்தறியிலும் இப்போது ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள். வடக்கத்தியர்கள் நிறைய வந்துவிட்டார்கள் என்பது காலை ஏழு மணிக் கருத்து. ஹோலிக்கு ஊருக்குப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லையே என்பது பத்து மணிக் கருத்து. இரண்டையும் ஒரே ஆள்தான் சொல்வார்.

திருச்செங்கோட்டின் ரிக் வண்டிகளைச் சொல்லாவிட்டால் கணக்கு நேராகாது. ராஜஸ்தான் முதல் ஆப்பிரிக்கா வரை போய் ஆயிரம் அடிக்கு ஆழ்துளை போட்டுவிட்டு வரும் வட்டாரம் இது. சொந்தத் தெருவில் தண்ணீர் கேன் ஆட்டோவின் ஒலிபெருக்கி கேட்டதும் குடத்தோடு வெளியே வருகிறது. நிலத்தடி நீர் போய்விட்டதே என்ற கவலையும் திருச்செங்கோட்டில்தான் அதிகம். போனது எவ்வளவு அடி என்று அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும்.

மூன்றாவது, ஊர்ப் பிரச்சினைகள். இதில் முதலிடம் பேருந்து நிலையத்துக்கு. பழைய நிலையம் ஊர் நடுவில். மலைக்கோட்டை, கோயில், கடைவீதி, பேருந்து எல்லாம் ஒரே மூச்சுக்குள். நெரிசல் தாங்கவில்லை, வெளியே கொண்டுபோக வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கருத்து நிலவியது. 2024இல் முதலைப்பட்டியில் புதிய நிலையம் திறந்தார்கள். மறுநாள் காலையிலிருந்து, இவ்வளவு தூரமா என்பது கருத்து. ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசு சேலம் டிக்கெட்டைவிட அதிகம் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். ஊர் நடுவில் கடை வைத்திருப்பவர் வியாபாரம் படுத்துவிட்டது என்கிறார், உண்மைதான். முதலைப்பட்டிப் பக்கம் சைட் வாங்கிப் போட்டவர் வளர்ச்சி என்றால் சில கஷ்டங்கள் இருக்கத்தான் செய்யும் என்கிறார், அதுவும் உண்மைதான். சில இடங்களில் இருவரும் ஒரே நபர். அவர் எந்த இடத்தில் நின்று பேசுகிறார் என்பதைப் பொறுத்துக் கருத்தை எடுத்துக்கொள்ள வேண்டும்.

ரயில் கதை இன்னும் எளிது. சேலம் – கரூர் பாதை நாமக்கல் வழியாக 2013இல் திறந்தது. அதற்காக ஊர் தவம் கிடந்தது என்று சொல்வது மிகையல்ல. திறந்த பிறகு நாமக்கல்வாசி ஒரு தடவை குடும்பத்தோடு மோகனூர் வரை போய்க் காவிரிப் பாலத்தைப் பார்த்துவிட்டு வந்தார். சென்னைக்கு ஆம்னி பஸ்ஸில்தான் போகிறார். ரயில் வேண்டும் என்று கேட்டதற்கும் ரயிலில் ஏறுவதற்கும் சம்பந்தம் இருப்பதாக அவர் கருதவில்லை.

2024இல் நாமக்கல் நகராட்சி மாநகராட்சி ஆனது. பெயர்ப்பலகை மாறியபோது பட்டாசு வெடித்தவர்களே வரி நோட்டீஸ் வந்தபோது மயங்கினார்கள். சொத்து வரி ஏற்கெனவே 2022இல் மாநிலம் முழுவதும் ஏறியிருந்தது. சுற்றியுள்ள ஊராட்சிகளைச் சேர்க்கிறோம் என்றதும் அங்கிருந்த பெண்கள் திரண்டு வந்து எதிர்த்தார்கள். மாநகராட்சியில் நூறு நாள் வேலை கிடையாது, வரி மட்டும் உண்டு என்பது அவர்கள் வாதம். இந்த ஊரில் இதுவரை கேட்ட கருத்துகளில் பேக்கரி வாசனை இல்லாத கருத்து இதுதான். சொந்தக் கணக்கு, சொந்தக் கூலி, நேராக வந்து சொன்னார்கள்.

ஈயைப் பற்றி யாரும் பெரிதாக எழுதுவதில்லை. பண்ணைகளைச் சுற்றியுள்ள கிராமங்களில் மழைக்காலம் வந்தால் சோற்றுத் தட்டை ஒரு கையால் விசிறிக்கொண்டுதான் மறுகையால் சாப்பிட வேண்டும். கோழி எரு நனைந்தால் புழு, புழு வந்தால் ஈ. எருவை உலர்வாக வைத்திருந்தால் பாதிப் பிரச்சினை தீரும் என்று ஊரிலேயே 1985 முதல் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கிராமத்துக்காரர் பண்ணைக்காரரிடம் சொன்னால், ஈ உங்கள் மாட்டுத் தொழுவத்திலிருந்து வந்திருக்கும் என்று பதில் வரும். பண்ணைக்காரர் வீடு நகரத்துக்குள், வலை அடித்த ஜன்னல்களோடு இருக்கிறது. அந்த வீட்டு வாசலில் அவருக்கு இருக்கும் ஒரே புகார் தெருநாய். மாநகராட்சி ஒன்றும் செய்வதில்லை என்பார். ராத்திரி மிச்சக் குழம்பை அந்த நாய்களுக்கு ஊற்றுவது அவர் அம்மா.

கோயில் விஷயத்தில் மட்டும் கருத்து வேறுபாடு குறைவு. பதினெட்டு அடி ஆஞ்சநேயர் கூரையில்லாமல் வானம் பார்த்து நிற்கிறார். அவர் வளர்ந்துகொண்டே இருப்பதால்தான் கூரை போடவில்லை என்பது ஐதீகம். சொத்து வரிப் பேச்சு எழாமல் வளர முடிந்த ஒருவர் இந்த ஊரில் அவர்தான். அனுமன் ஜெயந்திக்கு 1,00,008 வடை மாலை சாத்துகிறார்கள். கூட்டத்தை ஒழுங்குபடுத்தவில்லை, வண்டி நிறுத்த இடமில்லை, வடை முன்போல இல்லை என்று மூன்று கருத்துகளும் வரிசையில் நின்றபடியே உருவாகும். மூன்றாவது கருத்து இரண்டாவது வடையைத் தின்னும்போது சொல்லப்படுவது.

இவ்வளவு கருத்துகளும் எங்கே போய்ச் சேர்கின்றன என்பது கடைசிக் கேள்வி. திருச்செங்கோடு சாலையில் இருக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. காலையில் போய்ப் பார்த்தால் வரிசை நீளமாக இருக்கும். முதியோர் உதவித்தொகை நின்றுபோன பாட்டி, பட்டா மாறாத விவசாயி, தெருவிளக்குக் கேட்டு வந்த காலனிக்காரர்கள், மூன்று சக்கர வண்டி கேட்டு வந்த மாற்றுத்திறனாளி எல்லாரும் மனுவோடு நிற்பார்கள். கல்விக் கட்டணம், நிலத்தடி நீர், ஈ, பேருந்து நிலையம் பற்றியெல்லாம் அசைக்க முடியாத கருத்து வைத்திருக்கும் நாமக்கல்வாசியை அங்கே காண்பது அரிது. திங்கட்கிழமை காலையில் அவருக்குத் தலைக்கு மேல் வேலை. மனுவுக்குக் கட்டணம் கிடையாது, ஸ்டாம்பும் ஒட்ட வேண்டாம், பக்கத்திலேயே எழுதிக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். வாசகர்களில் யாராவது அந்த ஊர்க்காரராக இருந்தால் ஒரு திங்கட்கிழமை போய் வரலாம். அலுவலகத்துக்கு எதிரில் டீக்கடையும் இருக்கிறது.